வாரம் ஒரு ஊசி

— அதெல்லாம் இருக்கட்டும்க்கா. எனக்கு ஒத்த வார்த்தையில சொல்லுங்க. பழைய ஊசி நல்லதா, புது ஊசி நல்லதா?

— ஒத்த வார்த்தையில சொல்றதுக்கு இது என்ன பட்டன் கலரா டெய்லர்? முதல்ல உள்ள வாங்க. அந்தக் குடையை மடக்கி வெளியில சாத்துங்க. இப்பதான் தரையைத் துடைச்சேன்.

— சாத்திட்டேன். கழுத்துல டேப்பு, காதுல சாக்பீஸுன்னு அப்படியே எழுந்து வந்திருக்கேன். வெட்டின துணி பாதியில கிடக்கு. கட்டிங்கை நடுவுல விட்டுட்டு நான் எழுந்ததே கிடையாது, உங்களுக்கே தெரியும்.

— பதினோரு வருஷமா உங்க பக்கத்துல மருந்துக்கடை வெச்சிருக்கேன், தெரியாதா பின்ன? உங்க மிஷின் சத்தம் நின்னாத்தான் எனக்கு என்னமோ ஏதோன்னு இருக்கும். சரி, யாருக்கு ஊசி? உங்களுக்கா?

— எனக்கெதுக்குக்கா, நானே நூல் தீர்ந்த பாபின் மாதிரி இருக்கேன். வீட்டம்மாவுக்கு.

— அவங்களுக்குச் சர்க்கரையா?

— சேச்சே, அதெல்லாம் கிடையாது. முழங்கால் வலி. போன வருஷம் எலும்பு டாக்டர் பாத்துட்டு, பத்து கிலோ குறைங்க, கால் தானா சரியாகும்னு சொன்னார். அவளும் நடந்து பாத்தா. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திப் பாத்தா. ஒரு கிலோ அசையணுமே! அப்பதான் இந்த ஊசி கிடைச்சுது. வாரத்துக்கு ஒண்ணு. பத்து வாரத்துல ஒன்பது கிலோ போயிருக்கு, சத்தியமா.

— ஒன்பதா? கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே.

— அதான் என் பெருமையே! இடுப்புல மட்டும் நாலரை இன்ச். அவ உடுப்பு அத்தனையும் ரெண்டு தடவை பிடிச்சாச்சு. இனிமே பிடிக்கறதுக்குத் துணி இல்ல, புதுசாத்தான் வெட்டணும். என் கடைக்கு வர்றவங்க எல்லாம் அவளைப் பாத்துட்டு, டெய்லர், உங்க வீட்டம்மாவா இதுன்னு கேக்கறாங்க.

— டாக்டர் எழுதிக் குடுத்துதானே போடறாங்க?

— அதுக்கு வரேன். முதல்ல இதைச் சொல்லுங்க. இப்ப அவ போடறது செமா... செமாக்ளூ...

— செமாக்ளூடைட்.

— அதேதான். என் வாயில நுழைய மாட்டேங்குது, அவ உடம்புல மட்டும் எப்படித்தான் நுழையுதோ. இப்ப டிர்சான்னு புதுசா ஒண்ணு வந்திருக்காமே? அதுல இன்னும் சீக்கிரம் இளைக்குதாம். மாத்திடலாமான்னுதான் உங்ககிட்ட ஓடி வந்தேன்.

— டிர்செபடைட். சரி, நிதானமா சொல்றேன், நிதானமா கேளுங்க. நாம சாப்பிட்டதும் குடல்லேருந்து ஒரு ஹார்மோன் கிளம்பும். மூளைக்குப் போய், போதும், நிறுத்துன்னு சொல்லும். செமா அந்த ஹார்மோன் மாதிரி வேஷம் போடுது. பசி அடங்கும், வயிறு மெதுவா காலியாகும், ரத்தத்துல சர்க்கரையும் இறங்கும். நீங்க சொல்ற புதுசு, அந்த வேஷத்தோட இன்னொரு ஹார்மோன் வேஷத்தையும் சேத்துப் போடுது.

— அப்ப புதுசு ரெட்டை வேஷம்.

— அப்படியே வெச்சுக்கோங்க. சராசரியாப் பாத்தா ரெட்டை வேஷத்துக்கு எடை இன்னும் கொஞ்சம் கூடுதலாவே குறையுது. அதுக்காக எல்லாருக்கும் அதுதான் நல்லதுன்னு சொல்ல முடியாது. ஒருத்தருக்கு ஓயாத குமட்டல், ஒருத்தருக்கு வயித்துப்போக்கு. கணையம் வீங்கினவங்க ரொம்ப யோசிக்கணும். வீட்டுல சில வகைத் தைராய்டு புத்துநோய் இருந்தவங்க தொடவே கூடாது. ரெண்டுமே சின்ன அளவுல ஆரம்பிச்சு, மாசக்கணக்குல படிப்படியாத்தான் ஏத்தணும். நிறுத்திட்டா எடை திரும்ப ஏறவும் செய்யும். யாருக்கு எது, எவ்வளவுன்னு பாக்கத்தான் டாக்டர் இருக்காங்க.

— தினமும் போடற மாதிரியும் ஒண்ணு இருக்காமே?

— லிராக்ளூடைட். அது இன்னும் பழசு. தினம் குத்திக்கணும், அதான் இப்ப நிறைய பேர் வாரத்துக்கு ஒண்ணு போடறதுக்கு மாறிட்டாங்க.

— சரி, இன்னொரு சந்தேகம். சர்க்கரைக்காரங்க போடற செமாவும், இளைக்கறதுக்குப் போடற செமாவும் வேற வேறயா?

— மருந்து ஒண்ணுதான். சர்க்கரைக்கு ஒரு பேர்ல வரும், எடைக்கு இன்னொரு பேர்ல கொஞ்சம் பெரிய அளவுல வரும்.

— ஒரே துணி, ரெண்டு லேபிள்! எங்க தொழில்ல இதைப் பண்ணா திருடன்னு சொல்லிட்டுப் போவாங்க.

— இங்க அதைக் கேட்டு வாங்கி, அனுமதியோட பண்றாங்க. சிரிக்காதீங்க.

— சிரிக்கலக்கா. எங்க மாடியில ஒரு டீச்சர் குடியிருக்காங்க. அவங்களும் வயித்துல பேனா ஊசிதான் குத்திக்கறாங்க, ரெண்டு வேளையும். அதுவும் இந்தக் குடும்பம்தானா?

— இல்ல இல்ல. அவங்க போடறது இன்சுலினா இருக்கும். பாத்தா எல்லாம் பேனா மாதிரிதான் இருக்கும், வேலை வேற. இன்சுலின் ரத்தத்துல இருக்கற சர்க்கரையை இழுத்துக் கீழ கொண்டு வந்துடும். தேவைப்படறவங்களுக்கு அதுதான் உயிர். தேவையில்லாதவங்க போட்டா அதுவே எமன். சரி, பேச்சை மாத்தாதீங்க. உங்க வீட்டம்மாவுக்கு எழுதிக் குடுத்த டாக்டர் யாரு?

— டாக்டர்னு இல்லக்கா...

— பின்ன?

— ஜிம் மாஸ்டர்.

— என்னது?

— பின் தெருவுல ஜிம் வெச்சிருக்காரே, தோள் ரெண்டும் கதவு மாதிரி. அவர் தொடைக்கு ரெடிமேட் பேன்ட்டே கிடையாது, என்கிட்டதான் தைக்கறார். அளவெடுக்கும்போது இவ கால் வலியைச் சொன்னேன். நானே வரவழைச்சுத் தரேன்னார். உங்க கடை விலையில பாதிகூட இல்ல.

— டெய்லர், நடுவுல ஒரே ஒரு செவுரு. ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்.

— கேட்டா திட்டுவீங்கன்னு தெரியும்.

— திட்டத்தான் செய்வேன்! அந்தப் பேனா எங்க இருக்கு?

— புதுசா வந்ததுல ஒண்ணு வீட்டுல அவகிட்ட இருக்கு. ஒண்ணு, உங்ககிட்ட காட்டலாம்னு இதோ, பாக்கெட்டுல.

— பாக்கெட்டுலயா! ஃபிரிட்ஜ்ல இருக்க வேண்டியதை... குடுங்க இப்படி.

— முதல்ல வாங்கின ரெண்டும் தீர்ந்துபோச்சு. இது நேத்துதான் வந்துச்சு. ஏன்க்கா விளக்கைப் போடறீங்க?

— ஒரு நிமிஷம் பேசாம இருங்க.

— கண்ணாடியை வேற மாத்தறீங்க.

— இந்த லேபிளோட ஓரத்தைப் பாருங்க. உங்க கண்ணு என் கண்ணைவிடக் கூர்மை.

— ம்... ஒட்டினவனுக்குக் கை சுத்தம் இல்ல. மடிப்பு விழுந்திருக்கு. அடியில வேற என்னமோ இருக்கற மாதிரி தூக்கிக்கிட்டு நிக்குது. துணியா இருந்தா கிழிசல் மேல ஒட்டுப் போட்டிருக்குன்னு சொல்லிடுவேன்.

— இப்ப இந்த அடிப்பக்கத்தைத் திருப்புங்க. எதுவரைக்கும் போகுதுன்னு பாருங்க.

— டிக் டிக்னு போய்க்கிட்டே இருக்கே. இருபது... நாப்பது... அறுபது. அறுபதுல நிக்குது.

— செமா பேனா இப்படி ஒண்ணு ஒண்ணா அறுபது வரைக்கும் எண்ணாது. அதுல இருக்கறது விரல்விட்டு எண்ணற அளவுதான். உங்க நூல் வெட்டற கத்தரியைக் குடுங்க.

— இந்தாங்க, பாத்து, முனை கூர் ஜாஸ்தி. ஆங், வருது. உரிஞ்சு வருதுக்கா! அடியில இன்னொரு லேபிள். எழுத்து பொடிசா இருக்கே, என்ன போட்டிருக்கு? படிச்சுச் சொல்லுங்கக்கா.

— இன்சுலின்.

— எது?

— இதுக்குள்ள இருக்கறது. இன்சுலின், டெய்லர். மாடி டீச்சர் போடறாங்கன்னு சொன்னீங்களே, அது.

— அப்ப இளைக்கற மருந்து?

— இதுல அது ஒரு சொட்டுகூட இல்ல. எவனோ இன்சுலின் பேனா மேல வேற லேபிளை ஒட்டி வித்திருக்கான். உங்க வீட்டம்மா எந்தக் கிழமை ஊசி போடறாங்க?

— வெள்ளி. காலையில, குளிச்சுட்டு, வெறும் வயித்துல. மாஸ்டர் அப்படித்தான் சொன்னார்.

— இன்னிக்கு வெள்ளி.

— ஆமா...

— எத்தனைக்குத் திருப்பச் சொன்னார்?

— இதுவரைக்கும் இருபத்தஞ்சு. இந்த வாரத்துலேருந்து ஐம்பது.

— கடவுளே! சர்க்கரை இல்லாத உடம்புல, வெறும் வயித்துல, ஐம்பது! இத்தனை வாரத்துல ஒரு நாளாவது அவங்களுக்கு மயக்கம் வந்துச்சா?

— இல்லையே. நல்லாத்தானே இருந்தா.

— அப்ப பழைய பேனாவுல வெறும் தண்ணி இருந்திருக்கலாம். இது தண்ணி இல்ல. போனை எடுங்க. இப்பவே எடுங்க!

— என்ன ஆகும்க்கா?

— சர்க்கரை சரசரன்னு இறங்கும். முதல்ல வேர்க்கும், கை நடுங்கும். அப்பறம் பேச்சு குழறும். அப்பறம் தூக்கம் வர்ற மாதிரி இருக்கும். அந்தத் தூக்கத்துலேருந்து எழுந்திரிக்காமலே போயிடலாம். போடுங்க!

— ரிங் போகுது. போகுது. எடுக்க மாட்டேங்கறாளே! அவ ரெண்டாவது ரிங்குலயே எடுத்துடுவாக்கா, எப்பவும் எடுத்துடுவா!

— மறுபடி போடுங்க. வீட்டுல வேற யாரு இருக்காங்க?

— யாருமில்ல. பொண்ணு ஹாஸ்டல்ல. நான் ஓடறேன்க்கா, ஓடிப் போயிடறேன்.

— பஸ்ஸுல எவ்வளவு நேரம்?

— அரை மணி. மழையில முக்கால் மணி.

— அவ்வளவு நேரம் நம்மகிட்ட இல்ல. நில்லுங்க. மாடி டீச்சர் நம்பரைச் சொல்லுங்க, நான் பேசறேன். நீங்க விடாம அவங்களுக்கே போட்டுக்கிட்டு இருங்க... ஹலோ, டீச்சரா? டெய்லர் கடைக்குப் பக்கத்து மருந்துக்கடையிலேருந்து பேசறேன். கீழ் வீட்டுக்கு உடனே ஓடுங்க. அந்தம்மா போனை எடுக்கல. தட்டுங்க, திறக்கலைன்னா ஆளைக் கூப்பிட்டு உடைக்கச் சொல்லுங்க. சுகர் பாக்கற மெஷின் வெச்சிருப்பீங்கல்ல, அதையும் கையோட எடுத்துட்டுப் போங்க. அப்பறம் சொல்றேன், ஓடுங்க!

— எடுத்துட்டா! அக்கா, எடுத்துட்டா! ஏய், எங்கடி போன? எத்தனை தடவை கூப்பிடறேன்!

— ஸ்பீக்கர்ல போடுங்க, டெய்லர்.

— என்னங்க? ஏன் இப்படிக் கத்தறீங்க? தூங்கிட்டேன்.

— தூங்கினாளாம்க்கா! பதினொன்றரை மணிக்குத் தூங்கினாளாம்! இவ பகல்ல கண்ணை மூடி நான் பாத்ததே இல்லையே!

— நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. தங்கச்சி, நான் மருந்துக்கடை அக்கா பேசறேன். நிதானமா பதில் சொல்லு. இன்னிக்கு ஊசி போட்டியா?

— ஊசியா? அது... போட்டேன்க்கா.

— ஐம்பதுக்குத் திருப்பியா?

— அவர் சொன்ன மாதிரிதான்.

— எப்போ போட்ட?

— அவர் கடைக்குக் கிளம்பினப்பறம். ஏன்க்கா, என்ன ஆச்சு?

— அதுக்கப்பறம் ஏதாவது சாப்பிட்டியா?

— இல்லக்கா. குமட்டிக்கிட்டே இருந்துச்சு. எழுந்து நின்னா தலை சுத்துது. அடிச்சுப் போட்ட மாதிரி அசதி. அதான் படுத்துட்டேன்.

— அக்கா, எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே சொல்றாளே!

— தங்கச்சி, பயப்படாம கேளு. அந்தப் பேனாவுல இருந்தது வேற மருந்து. உன் ரத்தத்துல இருக்கற சர்க்கரையை அடியோட இறக்கிடும். செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு சமையலறைக்குப் போ. ஒரு டம்ளர் தண்ணியில அஞ்சாறு ஸ்பூன் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கு. உடனே குடிக்கணும்.

— வேற மருந்துன்னா?

— கேள்வி கேக்காதடி! அக்கா சொல்றதைச் செய். என் கண்ணுல்ல, சீக்கிரம் போ!

— போறேன், போறேன். என்னங்க... நீங்க அழறீங்களா?

— அழல. சர்க்கரை டப்பாவை எடு.

— எடுத்துட்டேன். கலக்கறேன். யாரோ கதவை இந்தத் தட்டுத் தட்டறாங்க!

— டீச்சர்தான், தங்கச்சி. நான்தான் அனுப்பினேன். திறந்துவிட்டுட்டு வந்து குடி.

— வாங்க டீச்சர்... ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்... ஆமா, போன்ல அவர்தான்.

— குடிச்சியாடி?

— என்னங்க...

— குடிச்சியான்னு கேக்கறேன்!

— ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?

— உசுரு போற நேரத்துல என்னடி பேச்சு இது!

— உசுரெல்லாம் போகாதுங்க. நான் ஊசி போடலை.

— என்ன?

— இன்னிக்கு மட்டும் இல்ல. ஒரு வாரமும் போடலை. ஒண்ணுகூட போடலை.

— அக்கா, இவ என்னக்கா உளர்றா? மருந்து மூளைக்கு ஏறிடுச்சா?

— இருங்க, இருங்க. தங்கச்சி, இது விளையாட்டு இல்ல. நிஜமாவே போடலையா?

— சத்தியமாக்கா. முதல் வெள்ளிக்கிழமை பேனாவை வயித்துகிட்ட கொண்டு போனேன். கை வரலை. அரை மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். இத்தனை வருஷம் துணியில குத்தின கை, என் தோல்ல குத்த மாட்டேன்னு நின்னுடுச்சு. மருந்தை வாஷ்பேசின்ல பீச்சிவிட்டுட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். சாயங்காலம் இவர் வந்து போட்டியான்னார். போட்டேன்னுட்டேன்.

— பத்து வாரமா என்கிட்ட பொய் சொல்லியிருக்க!

— ரெண்டாவது வாரம் சொல்லிடலாம்னுதான் இருந்தேங்க. அதுக்குள்ள எடை குறைய ஆரம்பிச்சிருச்சு. நீங்க டேப்பைப் போட்டு அளந்துட்டு, வீட்டுக்குள்ள சின்னப் பையன் மாதிரி குதிச்சீங்க. கல்யாணமான இருபத்திரெண்டு வருஷத்துல நீங்க குதிச்சு நான் பாத்ததில்ல. அதைப் போய் எப்படிக் கெடுக்கறதுன்னு விட்டுட்டேன். இப்பவும் கேட்டதும் வாய் தானா போட்டேன்னு சொல்லிடுச்சு.

— அடிப்பாவி!

— திட்டறதுன்னா திட்டிடுங்க.

— சிரிக்கறதா, அழறதா, உன்னைத் திட்டறதான்னு தெரியாம நிக்கறேன். அந்தப் பொய்தான்டி உன்னைக் காப்பாத்தியிருக்கு! அக்கா, கேட்டீங்களா? போடலையாம்! அத்தனையும் வாஷ்பேசின் குடிச்சிருக்கு! எங்க வீட்டு வாஷ்பேசின் நல்லா இருக்கணும்!

— கேட்டேன்.

— என்னக்கா, உங்க முகத்துல இன்னும் ரத்தமே ஓடலையே? அதான் தப்பிச்சாச்சே!

— தங்கச்சி, அந்தச் சர்க்கரைத் தண்ணி என்ன ஆச்சு?

— கையிலதான் இருக்குக்கா. கலக்கினது வீணாப் போவானேன், வாய் வேற வறண்டு கிடக்கு. குடிச்சுடறேன்.

— குடிக்காத!

— ஏன்க்கா? இப்பதானே குடி குடின்னு...

— கீழ வை. வாயில வைக்காத. வெச்சுட்டியா?

— கீழ வெச்சுட்டேன்.

— வாய் எத்தனை நாளா வறளுது?

— கொஞ்ச நாளாவே தாகம்தான்க்கா. குடம் குடமா குடிக்கறேன், அடங்கவே மாட்டேங்குது. வெயில்னு நெனச்சேன்.

— மூணு வாரமா மழை பெய்யுது, தங்கச்சி.

— அட, ஆமாம்ல.

— ராத்திரி எத்தனை தடவை பாத்ரூமுக்கு எழுந்திரிக்கற?

— அஞ்சு, ஆறு தடவை. கதவு கிரீச்சுங்குதுன்னு இவர்கூடத் திட்டுவார்.

— சாப்பாட்டைக் குறைச்சுக்கிட்டியா?

— வெக்கமா இருக்குக்கா சொல்றதுக்கு. பசி பிச்சுத் தின்னுது. இவர் கிளம்பினதும் ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவேன். அப்படியும் இளைச்சுக்கிட்டே போச்சு. எனக்கே அதிசயம்தான். நேத்துலேருந்துதான் எதுவும் உள்ள போகல. ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டேன்.

— கண்ணு எப்படி இருக்கு?

— மங்கல்தான். கடைக்குப் பட்டன் தைச்சுக் குடுப்பேன்ல, இப்ப ஊசியில நூல் கோக்க முடியல. வயசாகுதுன்னு விட்டுட்டேன்.

— அக்கா, எதுக்கு இவ்வளவு கேள்வி? ஊசிதான் போடலைங்கறாளே?

— அதனாலதான் கேக்கறேன் டெய்லர். நீங்களே சொல்லுங்க. ஊசி போடலை. பட்டினி கிடக்கலை. ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டிருக்கா. அப்ப அந்த ஒன்பது கிலோ எப்படிப் போச்சு?

— எப்படின்னா... எனக்கென்னக்கா தெரியும்?

— தங்கச்சி, டீச்சரை உன் விரல்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மெஷின்ல பாக்கச் சொல்லு.

— சொல்றேன். டீச்சர், இந்த விரல்ல... ஸ்ஸ்! எடுத்துட்டாங்கக்கா. பாக்கறாங்க. நம்பரே வரலையாம். எழுத்துதான் வருது. இருங்க, நானே பாக்கறேன். எச்... ஐ. ஹாய்! என்னங்க, மெஷின் எனக்கு ஹாய் சொல்லுது!

— கேட்டீங்களாக்கா? மெஷின்கூட அவளை நலம் விசாரிக்குது!

— சிரிக்காதீங்க டெய்லர்.

— டீச்சரும் சிரிக்க மாட்டேங்கறாங்கக்கா. என் கையைப் பிடிச்சுக்கிட்டே நிக்கறாங்க.

— அது ஹாய் இல்ல, தங்கச்சி. ஹை. உன் ரத்தத்துல இருக்கற சர்க்கரையை எண்ணி மாளாதுன்னு அந்த மெஷின் கையை விரிக்குது. போனை டீச்சர்கிட்ட குடு... டீச்சர், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாச்சா? பக்கத்துத் தெருவுலயே நிக்குதா? ரொம்ப நல்லது. நீங்களும் கூடவே ஏறிக்கோங்க. தாகம், வாந்தி, எடை குறைஞ்சது, மெஷின் காட்டினது, எல்லாத்தையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. தண்ணி கேட்டா வெறும் தண்ணி குடுங்க, மடக்கு மடக்கா. தனியா விடாதீங்க.

— அக்கா... அவளுக்குச் சர்க்கரை வியாதியா?

— ரொம்ப நாளா இருந்திருக்கணும். சாப்பிடறது எதுவும் உடம்புல ஒட்டாம, உடம்பே உடம்பைத் தின்னுக்கிட்டு இருந்திருக்கு. நீங்க இன்ச் இன்ச்சா அளந்தது அதைத்தான்.

— நான் குதிச்சேனேக்கா. அவ கரைஞ்சுக்கிட்டு இருந்தா, நான் அதைப் பாத்துக் குதிச்சேன்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்? பேசறா, நடக்கறா. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்துட்டா சரி பண்ணிடுவாங்க. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா நினைவு தப்பியிருக்கும்.

— என்ன மருந்து குடுப்பாங்க?

— இன்சுலின்தான்.

— இன்சுலினா? அப்ப இதையே...

— அதைத் தொடாதீங்க! ஆஸ்பத்திரியில மணிக்கு மணி ரத்தத்தைப் பாத்து, அளந்து அளந்து குடுப்பாங்க. இது போலீஸுக்குப் போகப் போகுது.

— என்னங்க, ஆம்புலன்ஸ் வந்துடுச்சு. டீச்சர் என் செருப்பை எடுத்துக்கிட்டு முன்னாடி போறாங்க. என்மேல கோபம் இல்லையே?

— கோபமா? பைத்தியக்காரி. நீ ஏறு. நான் நேரா ஆஸ்பத்திரிக்கே வந்துடறேன். கண்ணை மூடாத, டீச்சர்கிட்ட பேசிக்கிட்டே போ.

— சரிங்க, வெச்சுடறேன்.

— நல்லவேளை டெய்லர். அந்த டீச்சர் புண்ணியத்துல தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. கிளம்புங்க, உங்க கடையை நான் பூட்டிக்கறேன். குடையை எடுத்துக்கோங்க... ஏன் நிக்கறீங்க? கிளம்புங்க!

— அக்கா.

— என்ன?

— நேத்து வந்தது ரெண்டு பேனா இல்ல. மூணு.

— மூணாவது எங்க?

— இவ இளைச்சதைப் பாத்துட்டு எதிர்ல ஜெராக்ஸ் கடை அம்மா ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நானும் பெருமையா வரவழைச்சு, நேத்து சாயங்காலம் அவங்க கையில குடுத்தேன். காலையில வெறும் வயித்துல போடுங்கன்னு நான்தான் சொன்னேன்.

— அய்யோ! அவங்க நம்பர் இருக்கா? எங்க குடியிருக்காங்க?

— கடைக்குப் பின்னாடியே ஒத்தை ரூம்தான்க்கா, தனியா. அங்க பாருங்க, மணி பன்னெண்டு ஆகப் போகுது. ஷட்டர் இன்னும் திறக்கலை.